மழை வந்தால் மட்டும்

ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி பெயிண்டர் இரண்டாவது வாளித் தண்ணீரையும் சுவரில் கவிழ்த்தார். கூரை விளிம்புக்குக் கீழே ஆணியடித்து மாட்டியிருந்த கறுப்பு இன்டர்நெட் பெட்டியும், அதிலிருந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும் கேபிளும் குளித்து எழுந்தன.

"இப்ப எப்படி?" என்று மேலிருந்தே கத்தினார்.

"எரியுதுண்ணே. எல்லா விளக்கும் பச்சைதான்." ஹாலில் மோடத்தின் முன் குந்தியிருந்த நெட்காரரின் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

காலையிலிருந்து பெய்த மழை நெட்காரர் வந்து சேர்வதற்குள் நின்றிருந்தது. மரங்கள் மட்டும் தங்கள் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தன. மழை விட்டபிறகு எதைச் சோதிப்பது என்று தயங்கியவரிடம், "மழைதானே வேணும்? நான் பெய்யறேன், நீ பாரு தம்பி" என்று சொல்லி, பெயிண்டர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பது அவர் தொழில். ஈரச் சுவரில் பிரஷ் ஓடாது. மழை நாளில் ஏணியும் அவரும் வீட்டில்தான் கிடப்பார்கள்.

மகளுக்கு அந்த ஓய்வு இல்லை. உள்ளறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நாள் முழுக்க யார் யாருடனோ பேசுவாள். பேச்சு ஒவ்வொன்றும், பின்னால் கேட்கும் சத்தத்தோடு சேர்த்து, பதிவாகும். மழை வந்தால் லைன் பாதியில் அறுந்துவிடுகிறது. இன்னொரு தடவை அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நேற்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"பாப்பா வேலை போச்சுன்னா உங்க ஆபீஸ் வாசல்ல பாயை விரிச்சுப் படுத்துருவேன், சொல்லிட்டேன்," என்றார் ஏணியிலிருந்து. "உங்க கேபிள் என்ன சர்க்கரையிலயா செஞ்சது, நனைஞ்சா கரையறதுக்கு?"

நெட்காரர் சிரித்துவிட்டார். "தண்ணி இறங்கியிருந்தா சிவப்பு விளக்கு எரியும்ணே. எரியலையே. எல்லா மழைக்கும் போகுதா?"

மூன்றாவது வாளியைத் தூக்கி நீட்டிக்கொண்டிருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போன வாரம் விடாம கொட்டுச்சுங்களே, அன்னிக்கு ஒண்ணும் ஆகல. இவரு கூட அன்னிக்கு ஆஸ்பத்திரியில உள்சுவரு அடிக்கற வேலைன்னு போயி..."

"உன்னை யாரு கேட்டா? வாளியைக் குடு!"

அவள் கொடுத்தாள். மூன்றாவது வாளியும் சுவரில் இறங்கியது. பச்சை விளக்குகள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பெயிண்டர் தலை முதல் கால் வரை நனைந்து உள்ளே வந்தார். நெட்காரர் எழுந்து நின்றார். "லைன் சுத்தமா இருக்குண்ணே. வெளியில ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா? எம்பொண்ணு பொய் சொல்றாளா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலண்ணே."

வெளியாளிடம் அதற்குமேல் குரலை உயர்த்த முடியவில்லை. கோபம் பழகின தடத்தில் திரும்பியது.

"துண்டு எங்கடி?"

மனைவி துண்டோடு ஓடி வந்தாள். அது ஈரமாக இருந்தது. இரண்டு நாளாகக் கொடியில் எதுவும் காயவில்லை.

"மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ஈரத்தைத் துடைக்க ஈரத் துண்டா? உங்கப்பன் எந்த லட்சணத்துல வளத்து என் தலையில கட்டினான்..." குரல் ஓடித் தெரு முனையைத் தொட்டது. அடுத்து வந்த வார்த்தைகளைக் கேட்க முடியாமல் நெட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் துண்டை நீட்டிய கையை மடக்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றாள்.

குனிந்தவர் கண்ணில் மோடம் பட்டது. பச்சை இல்லை. சிவப்பும் இல்லை. எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன.

"பாத்தியா! போச்சு பாரு!" வைதுகொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுத் துள்ளினார். பந்தயத்தில் ஜெயித்த சிறுவனைப் போல முகம் மலர்ந்து, உடனே வாடியது. "ஐயையோ, பாப்பா அங்க பேசிட்டிருப்பாளே! இப்படிக் கழுத்தறுக்குதே இந்தச் சனியன்!"

தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நெட்காரர் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மோடத்தின் கரண்டு வயரைத் தொட்டுக்கொண்டே சுவரோரமாக நடந்தார். புதிதாக ஒட்டுப்போட்டு நீட்டப்பட்ட அந்த வயர் உள்ளறைக் கதவிடுக்கில் நுழைந்து, மேஜைக்கடியில் இருந்த பிளக்கில் போய் முடிந்தது.

சுவிட்சின் மேல் மகளின் விரல் இன்னும் இருந்தது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாள் முழுக்கச் சுமை தூக்கியவளின் முகம். விரலை எடுத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

நெட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்டுபிடிச்சாச்சுண்ணே. இந்த சுவிட்சு கொஞ்சம் லூஸு. மாத்திட்டா சரியாயிடும்."

"என்னைக் கேனையன்னு நினைச்சியா?" ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி பெயிண்டர் கதவருகே வந்து நின்றிருந்தார். "சுவிட்சு வீட்டுக்குள்ளதான இருக்கு? அது ஏன் மழை வந்தா மட்டும் லூஸாகுது?"

 மகள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மறுமுனையில் இனி அவளுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை.

"மழை வந்தாதானேப்பா நீங்க வீட்ல இருக்கீங்க."