பீப்பாய்க்காரர்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க முதலாளி, வெளிச்சம் மறைக்குது."

கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னார் வாட்ச்காரர். மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கடை. கட்டடத்துக்கே சொந்தக்காரர் தேடி வந்து, "உங்க கைத்திறமைக்கு இந்தப் பொந்து எதுக்கு? முன்பக்கம் பெரிய கடையா தரேன். வேற என்ன வேணும், கேளுங்க" என்றதற்குத்தான் இந்தப் பதில். மனிதர் முகம் சுண்டிப்போய் நடையைக் கட்டினார்.

சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்ற மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்கு இப்ப சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. எங்க வகுப்பு ஞாபகம் வந்துச்சு."

வகுப்பாம் வகுப்பு! வாட்ச்காரர் லென்ஸைக் கழற்றி மேஜையில் போட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மருந்துக்கடை மாடியில் பத்துப் பேர் கூடி, பழைய கிரேக்கத் தத்துவம் படிக்கிறார்கள். தத்துவம் படித்தவர்கள் தூங்கி வழிந்துகொண்டு வந்தால் நியாயம். இவளோ, "நட்சத்திரத்தையே பாத்துக்கிட்டு நடந்து கிணத்துல விழுந்தாராம்ங்க ஒரு ஞானி!" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கல்யாணமானதிலிருந்து இவர் சொன்ன ஒரு ஜோக்குக்காவது அப்படிச் சிரித்திருப்பாளா?

"அங்க அப்படி என்னதான் பண்றீங்க?"

"கதை கதையா படிப்போம். அப்புறம் விளையாட்டு. ஒவ்வொரு ஞானிக்கும் ஓர் ஆள் வச்சிருக்கோம். கிணத்துல விழுந்தவர், கேள்வி கேட்டே உயிரை வாங்கறவர், பீப்பாய்க்காரர்..."

"அது யாரு பீப்பாய்க்காரரு?"

"பீப்பாய்க்குள்ளயே குடியிருந்தவர். பட்டப்பகல்ல விளக்கைக் கொளுத்திக்கிட்டு, யோக்கியன் ஒருத்தனாவது இருக்கானான்னு தெருத்தெருவா தேடினவர்."

"அவர் செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப உங்க வகுப்புல யாரு பீப்பாய்க்காரரு?"

அவள் முகம் சிவந்தது. "போங்க, வேலையைப் பாருங்க" என்று டப்பாவை வைத்துவிட்டு ஓடியே போனாள்.

யார் என்று கேட்கவே வேண்டாம். அவளோடு வகுப்பில் படிக்கிற அந்தப் பல் டாக்டர்தான்! போன வாரம் அவளைக் கூட்டிவரப் போனபோது பார்த்தாரே. இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு படியிறங்கினார்கள். டாக்டருக்கு முப்பத்திரண்டு பல்லும் விளம்பரப் பலகை மாதிரி மின்னின.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவள் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வாட்ச்காரர் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பீப்பாய்க்காரர் மாதிரி வராதுடி! எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் வளைஞ்சு கொடுக்க மாட்டார். மூக்குக்கு மேல கோவம் வரும், ஆனா மனசு பத்தரைமாத்துத் தங்கம். எனக்கு அவர்னா அவ்வளவு ஆசை... ஐயோ, வீட்டுல மூச்சு விடலடி! தெரிஞ்சா அப்புறம் ஆளைக் கையில பிடிக்க முடியாது."

வாட்ச்காரருக்குக் காலடியில் தரை நழுவியது. தான் கோபப்பட்டால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எவனோ ஒருத்தன் கோபப்பட்டால் அது தங்கமாம்! இத்தனை வருஷமாய் ஊரார் கடிகாரத்தையெல்லாம் ஓடவைத்தவர், சொந்த வீடு நின்றுபோனதைக் கவனிக்கவில்லையே. அவள் போய்விட்டால்?

சனிக்கிழமை கடையைப் பாதியில் பூட்டினார். 'அந்த வகுப்பா, நானா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு' என்று முணுமுணுத்தபடியே மருந்துக்கடை மாடிக்கு ஏறினார். உள்ளே ஒரே சிரிப்பு. அவள் நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, பல் டாக்டர் மேஜையைத் தட்டித் தட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

"எவன்யா இங்க பீப்பாய்க்காரன்? தைரியம் இருந்தா எந்திரிச்சு வா!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. வாட்ச்காரர் பல் டாக்டரை முறைத்த முறைப்பில் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ, நான் இல்லீங்க! கேள்வி கேட்டே உயிரை வாங்கறவருக்கு எங்க மாமியாரைச் சொன்னேன். அதைத் தவிர நான் ஒரு தப்பும் பண்ணல!"

"மாமியாரா?" வாட்ச்காரர் விழித்தார்.

வகுப்பை நடத்துகிற மருந்துக்கடை அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு வாட்ச்காரரைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியைப் பார்த்தார்.

"இவரா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அறை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

"வாங்கய்யா, வாங்க!" என்றார் மருந்துக்கடை அம்மா. "பேரரசனே வந்து 'என்ன வேணும், கேள்'னு நின்னப்போ, 'வெயிலை மறைக்காம தள்ளி நில்லு'ன்னாராம் அந்த ஞானி. அந்த மாதிரி ஓர் ஆள் நமக்குத் தெரிஞ்சவங்கள்ல யாருன்னு அன்னிக்குக் கேட்டேன். 'எங்க வீட்டுக்காரர்'னு உங்க வீட்டம்மா ரெண்டு கையையும் தூக்கிட்டாங்க. கட்டட முதலாளியை நீங்க தள்ளி நிக்கச் சொன்ன கதையைத்தான் இப்ப சொல்லிக்கிட்டிருந்தாங்க!"