மூன்றாவது வளைவுச் சுவர்

கிசுமு நகரத்தின் மதிய வெயிலில் ஒடேராவின் தகரக் கேம் கடை கொதிக்கிறது. ஒருவரும் டிவியை விட்டு நகரவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கார் பந்தய விளையாட்டைப் புதுப்பித்து வெளியிடப் போகிறார்கள். அதன் முன்னோட்டம் ஓடுகிறது. "மழையப் பாரு, ரோடு எப்படி மின்னுது," என்கிறான் ஒடேரா. "மழை கெடக்கு. செவுரு வரட்டும்," என்கிறாள் அவுவோர். பழையதில் மூன்றாவது வளைவுச் சுவரில் ஒரு பிழை உண்டு. வேகம் குறைக்காமல் மோதினால் கார் சிதறாது. சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளிவந்துவிடும். இந்தக் கடையில் அவளை யாரும் ஜெயித்ததில்லை என்றால் அந்தச் சுவரால்தான். "புதுசுல அடைச்சிருப்பானுங்க. அம்மணியும் இனிமே எங்கள மாதிரி பிரேக் புடிச்சுத்தான் ஓட்டணும்," என்று சிரிக்கிறான் ஒடேரா. "அழகு பண்றேன்னு ஆட்டத்தக் கெடுத்தா அந்த அழகு எதுக்கு?" வளைவு வந்ததும் அவள் படத்தை நிறுத்துகிறாள். எல்லாத் தலைகளும் திரையை நோக்கிக் குனிகின்றன. சுவர் ஒரு கல்கூடப் பெயராமல் புத்தம் புதிதாக நிற்கிறது. ஆனால் ஈரச் சாலையில் யாரோ வரைந்துவைத்த இரண்டு கறுப்பு டயர் தடங்கள், வளைவில் திரும்பாமல் நேராகப் போய், அந்தச் சுவருக்கடியில் மறைகின்றன. ஒடேராவின் சிரிப்பு நிற்கிறது. எதனுடனும் இணைக்காத ஜாய்ஸ்டிக் ஒன்று அவுவோரின் கையில் இருக்கிறது. அவள் கட்டைவிரல் வேகப் பொத்தானை அழுத்திக்கொண்டேயிருக்கிறது.