பதினோரு தடவை பார்த்தவர்

“பதினோரு தடவ பாத்தவன் சொல்றேன். கடைசிச் சண்டையில வீரன் செத்துப்போயிடுவான்யா!” என்றார் அமாவாசை, பக்கத்துக் கட்டிலின் இரும்புக் கம்பியை ஓங்கித் தட்டி.

பாலசுந்தரத்தின் முகம் சிவந்தது. பக்கவாதம் கோணலாக்கியிருந்த வாயைத் திறந்து, “சா... சாவ மாட்...” என்று திணறினார். அதற்கு மேல் சொல் வரவில்லை. விளங்கிய இடது கையால் மெத்தையைக் குத்தினார்.

தூக்குப்போணியோடு வார்டுக்குள் நுழைந்த அவர் மகள் சிந்தாமணிக்கு, அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. விடியுமுன் உலை வைத்து, மாட்டுக்குச் சோளத்தட்டை அள்ளிப் போட்டு, விக்கிரமங்கலத்திலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தால், இங்கே தினமும் இதே கூத்து. இன்றோடு பத்தொன்பது நாள்.

“ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். அவர விட்டுடுங்க. மனுசன் பேச முடியாம கெடக்காரு.”

“அதுக்காக இல்லாதத இருக்குன்னு ஒத்துக்க முடியுமாம்மா? ‘வெள்ளாற்று வீரன்’லாம் ஒரு படமா? ‘அண்ணன் கட்டிய கோட்டை’ பாத்தவன் அதப் படம்பானா?”

பாலசுந்தரம் பல்லைக் கடித்தார்.

அமாவாசை குன்னத்துக்காரர், பருத்திக்காட்டுக் கூலி. காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு வந்து படுத்திருந்தார். அவரைப் பார்க்க ஒருவரும் வந்து சிந்தாமணி கண்டதில்லை.

வந்த புதிதில், குழாயடியில் போணி கழுவும்போது அவரிடம் வாய்விட்டு அழுதது தப்பாகப் போயிற்று. ‘எங்கப்பா சினிமாப் பைத்தியம்ங்க. வெள்ளாற்று வீரன்னா சோறு தண்ணி வேணாம். அண்ணன் கட்டிய கோட்டைன்னா ஆவவே ஆவாது. விடிய விடியப் பேசுற ஆளு, இப்பத் தண்ணிகூடக் கேக்க முடியல’ என்று சொல்லியிருந்தாள். மறுநாள் காலையிலேயே மனிதர் வம்பை ஆரம்பித்துவிட்டார்.

இன்றைக்கு அவளுக்குப் பொறுமை தீர்ந்தது. நர்ஸ் சாந்தாவிடம் போய் நின்றாள்.

“அக்கா, ஒண்ணு எங்கப்பாவ மாத்துங்க, இல்ல அவர மாத்துங்க. ரத்தக் கொதிப்பு ஏறி இன்னொரு தடவ வந்துடுமோன்னு பயமா இருக்கு.”

கோடிக் கட்டில் காலியாகத்தான் இருந்தது. அமாவாசை துண்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

அதன்பின் மூன்று நாள் வார்டு அமைதியாக இருந்தது. சிந்தாமணிகூட ஒரு மதியம் கட்டில் காலில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். பாலசுந்தரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டினார். வாயைத் திறக்கவே இல்லை.

நாலாம் நாள் டாக்டர் வந்தார். “உங்க பேரு சொல்லுங்க பாப்போம்.”

பாலசுந்தரம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போன வாரம் பாதி வரைக்கும் சொன்னாரே? ஏம்மா, யாரும் பேச்சுக் குடுக்கறதில்லையா? சும்மா போட்டு வச்சா அப்படியே நின்னுடும்.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். சிந்தாமணி கோடிக் கட்டிலுக்கு நடந்தாள்.

“ஐயா... கொஞ்சம் வந்து சண்ட போடுங்க.”

அமாவாசை சுவரைப் பிடித்தபடி வந்து பாலசுந்தரத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

“யோவ்! ஒன் வீரன் பாதிப் படத்துக்கு மேல குதிரயிலதான வரான்? அந்தக் குதிரைக்காகத்தான்யா கூட்டமே வந்துச்சு. என்னா செவப்பு! மொளகாப்பழம் மாதிரி!”

பாலசுந்தரம் மெல்லத் திரும்பினார். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சிந்தாமணி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அட... கூறு கெட்டவனே! அது... கறுப்பு வெள்ளப் படம்யா!”

வார்டே திரும்பிப் பார்த்தது. ஊசித் தட்டோடு வந்த சாந்தா அப்படியே நின்றாள். தன் குரலைத் தானே கேட்டுத் திகைத்துப்போன பாலசுந்தரம், மகளைத் தேடிப் பார்த்தார்.

“சிந்தா... மணி... இந்தாளுக்கு ஒண்ணும்... தெரியலம்மா.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாப்பா, தெரியல, தெரியல,” என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டவள், வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த அமாவாசையைக் கண்டு நின்றாள்.

“வேணும்னேதான் வம்பிழுத்தீங்களாய்யா?”

“எங்கண்ணனுக்கும் இதே மாதிரி வந்துச்சும்மா. அவர அசங்கவிடக் கூடாதுன்னு, யாரும் பக்கத்துல போய்ப் பேசாம பத்தரமாப் பாத்துக்கிட்டோம். ஏழு வருசம் கெடந்தாரு. ஒரு வார்த்த பேசாமலே போயிட்டாரு.”

சிந்தாமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அலுப்பும் காலுக்கு இறங்கியதுபோல் இருந்தது.

“அதுக்காக, பதினோரு தடவ பாத்த படத்தையா இப்படித் தப்புத் தப்பாச் சொன்னீங்க? ஒங்களுக்கே மனசு கேக்காதே!”

அமாவாசை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சற்றுக் கூச்சத்தோடு சொன்னார்:

“சினிமாக் கொட்டாய்க்குள்ள நான் காலே வச்சதில்லம்மா.”