நான்கு நிமிடத் தெரு

உயிருக்கு எங்கள் தெருவில் நாளொன்றுக்கு நாற்பது ரூபாய் விலை. அம்மோனியா லாரி எங்கள் வழியே போவதற்காகக் கம்பெனி தலைக்குத் தருவது அது. பேரம் பேசிப் பார்த்தோம், படியவில்லை. ஒரே நிபந்தனை: ஒத்திகைச் சங்கு எப்போது ஊதினாலும், பட்டியலில் உள்ள எண்பத்தாறு பேரும் நான்கு நிமிடத்தில் உப்புக் கிடங்குக்கு ஓடிச் சேர வேண்டும். ஒருவர் பிந்தினாலும் தெருவுக்கே அன்றைய காசு கிடையாது.

ஒற்றைக்கால் தொம்மையால், திட்டம் தொடங்கிய இந்த ஒரு வாரமாகக் காசு இல்லை. இன்று கம்பெனியின் ஒத்திகைப் பயிற்சியாளர் இசக்கிப்பாண்டி அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பட்டியல்லேர்ந்து ஒங்க பேரை எடுத்திருதேன். நீங்க ஓட வேண்டாம்."

"நெசமாவே லாரி கவுந்தா?"

"பட்டியல்ல இல்லாதவங்களுக்குத் திட்டம் கிடையாது."

தொம்மை சிரித்தார். "எடுத்திரும்வே. தெருவே என்னைய மொறைக்கு."

அவர் மனைவி கித்தேரி, ஒரு வாரமாகக் காலைவிட்டுக் கழற்றாத கேன்வாஸ் ஷூவை உதறினாள். "என் பேரையும் சேத்து வெட்டுங்க."

"மைனி, நீங்க நல்லா ஓடுறவங்களாச்சே!"

"ஓடுதேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு ஓடுதேன். போதும்."

இசக்கிப்பாண்டி பட்டியலைத் திருத்தி முடித்ததும் சங்கு ஊதியது. தலைதெறிக்க ஓடினோம். கிடங்குச் சுவரின் மின்பலகையில் கணக்கு ஒளிர்ந்தது: பட்டியலில் எண்பத்துநான்கு பேர். தப்பியவர்கள் எண்பத்துநான்கு. விடுபட்டவர் எவருமில்லை.