கடல் வரைந்த சுவர்

மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் சர்வமதப் பிரார்த்தனைக் கூடத்துக்கு மாநகராட்சி விருது கிடைத்திருந்தது. பித்தளைப் பட்டயத்துடன் மேயரே வந்திருந்தார். நான்கு சுவர்களிலும் கடலை வரைந்த ஓவியர் ஜெபக்கனி, அதை மாட்டத் துளையிட வந்த ஊழியரை எந்தச் சுவரையும் தொட விடவில்லை.

"இந்த இடத்துல பெயின்ட் போயிருக்கே, இங்க மாட்டலாமே?" என்றார் மேயர்.

"வேண்டாம் மேடம். ஆஸ்பத்திரில ஆபரேஷன் நடக்கறப்போ ஜனங்க இங்கதான் தலையச் சாய்ச்சு அழுவாங்க. அதுல தேஞ்சது. திரும்ப வரையச் சொன்னாங்க, நான்தான் மாட்டேன்னுட்டேன்."

மேயர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பட்டயத்தை ஜெபக்கனியிடமே நீட்டினார். "நீங்களே பிடிச்சுக்கோங்க. போட்டோ எடுக்கட்டும்."

ஜெபக்கனி பட்டயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேய்ந்த நீலம் மறையாதபடி சற்று விலகி, நிமிர்ந்து நின்றார்.