தார்சீசியோ போடாத கையெழுத்து

“இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இஞ்சின் அசல் இல்லை.”

தார்சீசியோ சொன்னதும் இமோலா நகரின் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தில் காபிக் கோப்பைகளின் சத்தம் நின்றது.

நெவியா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கணவர் லியார்கோ காலமாகி எட்டு மாதம். ஐம்பது வருஷம் அவர் ஓட்டிய மஞ்சள் டுகாட்டி கூடத்தின் நடுவே நின்றது.

அதன் முன் மண்டியிட்டிருந்தவர் அம்மான் என்ற பெயருள்ள, பழைய வண்டிகளைச் சேகரிப்பவர். இதை விலைக்கு வாங்கவே ஜூரிச்சிலிருந்து வந்தவர்.

“பளபளன்னு பெயின்ட் அடிச்ச வண்டி என்கிட்ட நிறைய இருக்கு, சின்யோரா. ஒரே ஆளோட முட்டி பட்டுத் தேஞ்ச டேங்க் எங்க கிடைக்கும்? அவர் பேரை எழுதித்தான் வைக்கப்போறேன்” என்று சற்று முன்புதான் நெவியாவிடம் சொல்லியிருந்தார். ஆலையில் பூட்டிய இஞ்சின்தான் இது என்று சங்கத்தின் சான்றிதழ் மட்டும் வேண்டும்.

சான்று தர வேண்டியவர் தார்சீசியோ. பூதக்கண்ணாடி பிடித்து, இஞ்சின் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அரை மணி நேரம் பார்ப்பார். ஓர் எண் மயிரளவு சாய்ந்திருக்கிறது என்று ஃபயன்ஸா ஊர்க்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பியவர்.

இன்று அவர் குனியவே இல்லை. வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை.

“பாக்காமலே சொல்றீங்களே?” என்றாள் நெவியா.

“அந்த எண் ஆலையில அடிச்சது இல்ல, நெவியா. பின்னால அடிச்சது.”

பொருளாளர் குவால்தியேரோ சிரித்தார். “அடேங்கப்பா! லியார்கோவா? ‘ஆலைக்காரனுக்கு அப்புறம் இந்த இஞ்சினை எவனும் பிரிச்சதில்ல’ன்னு இதே மேஜையில எத்தனை தடவை அளந்திருக்கான்! ஆளு கெட்டிக்காரன்தான்யா.”

பின்னால் இன்னொருவரும் சிரித்தார். அம்மான் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

வண்டி விலைபோகாவிட்டால் போகிறது. லியார்கோவின் பேச்சைப் பொய் என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. நெவியா நேராகத் தார்சீசியோவின் முன்னால் போய் நின்றாள். மரியாதை கழன்றுகொண்டது.

“என் புருஷன் களவாணின்னு சொல்றியா? பட்டாளத்துக்குப் போறப்ப, நிச்சயமாகியிருந்த என்கிட்டகூடச் சாவியைத் தரல. உன்னை நம்பித்தான் வண்டியை விட்டுட்டுப் போனாரு. எங்க கல்யாணத்துக்குச் சாட்சியும் நீதான். அவர் இருந்தப்ப இதைச் சொல்றதுக்கென்ன? செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார்னு தைரியமா?”

“அவன் இருந்தப்பவே சொல்லியிருக்கணும்” என்றார் தார்சீசியோ.

“கண்ணாடியை எடு. குனிஞ்சு பாரு. அப்புறம் சொல்லு.”

“வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

தார்சீசியோ இடது கையால் சங்கத்தின் முத்திரையைக் குவால்தியேரோவின் பக்கம் நகர்த்தினார். பிறகு வலது கையைப் பையிலிருந்து எடுத்து, விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றை மேஜை மேல் வைத்தார். துருவேறியிருந்தது. அதன் முனையில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிய ஓர் ஏழு.



“பட்டாளத்துலேர்ந்து அவன் வர ரெண்டு வாரம் இருந்துச்சு. கேக்காம எடுத்துட்டுப் போனேன். மலைப்பாதை வளைவுல விழுந்து இஞ்சின் உடைஞ்சு போச்சு. வேற ஒண்ணைத் தேடி மாட்டிட்டு, பழைய எண்ணை இந்த மாதிரி அச்சு வச்சு அதுல அடிச்சேன். அவன் சொன்னதெல்லாம் உண்மைன்னு நம்பித்தான் சொன்னான். சாகுற வரைக்கும் அவனுக்குத் தெரியாது.”

நெவியா வண்டியின் பக்கம் திரும்பிக் குனிந்தாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது, எண் தெரியவில்லை.

பின்னாலிருந்து தார்சீசியோவின் குரல் வந்தது.

“கடைசி ஏழு மயிரளவு சாஞ்சிருக்கும். அன்னிக்கு எனக்குக் கை நடுங்குச்சு.”