மூன்றாவது வயர்

அந்த யு.பி.எஸ். பெட்டியின் முதுகில், சுவர் பிளக்குக்குப் போவது போக, மூன்று வயர்கள் இருந்தன. அவர் செருகியது இரண்டுதான். ஒன்று கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று அதன் திரைக்கு.

மூன்றாவது வயர் மேஜைக்கு அடியில் பதுங்கி, சுவரோரமாக ஊர்ந்து, கதவிடுக்கு வழியே ஹாலுக்குப் போய், டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைந்தது.

அதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது? டி.வி.க்கு எதிரே சோபாவில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான் மச்சினன். மனைவியின் தம்பி. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து ஐந்து மாதம் ஆகிறது.

அவருக்கு வயிறு எரிந்தது. சும்மாவா வாங்கினார் அந்தப் பெட்டியை? மூன்று வாரம் ஆராய்ச்சி. எது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று தாளில் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். கடைக்காரரை நாலு தடவை நிற்க வைத்துக் குடைந்தார். ஐந்தாவது தடவை இவர் தலை தெரிந்ததுமே அவர் சாப்பிடப் போய்விட்டார், காலை பத்து மணிக்கு.

வந்த அன்று பெட்டிக்கு எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறி முடியும்வரை, பச்சைப்பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரும் திரையும் மட்டும் என்றால் முப்பது நிமிடம் தாங்கும். டி.வி.யையும் சேர்த்தால் பத்து நிமிடம் வந்தாலே அதிகம்.

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் போய்க் கிசுகிசுத்தார்.

"இன்னைக்கு இன்டர்வியூ முடியட்டும். அப்புறம் பஞ்சாயத்தை வெச்சுக்கலாம்" என்றாள் அவள். "பாவம், அவனும் வேலையில்லாம..." என்று ஆரம்பித்தவள், அந்த 'அவனும்' என்பதில் இருந்த 'உம்' இவரைத் தொட்டுவிட்டதைக் கண்டு, செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

இவருக்கு வேலை போய் எட்டு மாதம். பதினோரு மணிக்கு இன்டர்வியூ. மருத்துவமனைகளில் மொழி தெரியாத நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில், வீட்டிலிருந்தபடியே திரையில் தோன்றி மொழிபெயர்க்கும் வேலை. பேச்சு பாதியில் அறுந்தால் நோயாளியின் உயிரோடு விளையாட்டாகிவிடும், அதனால் இணைப்பு ஒரு விநாடிகூட விடக்கூடாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார், இன்டர்வியூ எடுக்கத் திரையில் வந்த அம்மையார்.

பத்தாவது நிமிடம் ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. காலடியில் யு.பி.எஸ். 'கீ' என்று கத்தியது.

அம்மையார் புருவத்தை உயர்த்தினார். "உங்க ரூம் திடீர்னு இருட்டாயிடுச்சே?"

"கரண்ட் போயிடுச்சு மேடம். அதனால என் பக்கம் எந்தப் பாதிப்பும் வராது."

அம்மையார் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். நல்லதாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் காதில் விழுந்தது. ஹாலில் ஏதோ ஆட்டத்தின் வர்ணனை. கரண்ட் இல்லாத வீட்டில் ஆட்டம் எப்படி ஓடும்? அவருடைய பேட்டரியில்தான். அவருடைய முப்பது நிமிடம் அங்கே சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

முகத்தில் புன்னகை மாறாமல், ஒரு கையை மேஜைக்கு அடியில் விட்டுத் துழாவி, அந்த மூன்றாவது வயரைப் பிடுங்கினார்.

வர்ணனை, குரல்வளையைப் பிடித்த மாதிரி நின்றது. அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டார்.

புது உற்சாகத்தோடு பேச்சைத் தொடர்ந்தார். தன் இருமொழிப் புலமை, பொறுமை, நிதானம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அம்மையார் கண் இமைக்காமல் கேட்டார். இருபது வருட தாம்பத்தியத்தில்கூட யாரும் அவர் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. நிதானத்தைப் பற்றிய பகுதி முடியும்போதுதான் சந்தேகம் தட்டியது. ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் பேனாவை அந்தரத்திலேயே பிடித்திருப்பாள்?

மச்சினன், ஆட்டம் பாதியில் உறைந்து நின்ற செல்போனோடு ஓடி வந்தான். நேரே மேஜைக்கு அடியில் புகுந்து வயரைத் திரும்பச் செருகினான்.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க அத்தான். இன்டர்நெட் பெட்டி மறுபடி எழுந்து வரணும்."

"எந்தப் பெட்டி?"

"டி.வி.க்குப் பின்னாடி இருக்கே, சின்னதா. அதுக்கும் கரண்ட் வேணுமில்ல?"

வீட்டில் இருந்த அத்தனையையும் கூட்டிக் கழித்தவர், அந்த உள்ளங்கை அகலப் பெட்டியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. போன மாதம் இரண்டு தடவை கரண்ட் போனபோதும் இன்டர்நெட் அசையாமல் நின்றதே, அதெல்லாம் தன் தேர்வின் மகிமை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அம்மையார் திரும்பி வந்தார். பேனா இறங்கியிருந்தது. "பாதிப்பே வராதுன்னு சொன்னீங்க?"



மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எழும்பியது. "மன்னிக்கணும் மேடம். நான்தான் கால் தடுக்கி வயரை இழுத்துட்டேன். சார் மேல தப்பில்லை."

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வயரை முதலில் டேப் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். முடியும்போது, திங்கட்கிழமையே சேர முடியுமா என்று கேட்டார்.

இணைப்பைத் துண்டித்த பிறகு அவருக்கு மச்சினனின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"எப்ப இழுத்தே இந்த வயரை?"

"யு.பி.எஸ். வந்த மறுநாள்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"சொல்லத்தான் அத்தான் வந்தேன். நீங்க மாடிவீட்டுக்காரர்கிட்ட, 'இனிமே கரண்ட் போனாலும் நம்ம வீட்டுல இன்டர்நெட் நிக்காது, அப்படிப் பார்த்து வாங்கியிருக்கேன்'னு சொல்லிட்டிருந்தீங்க. சரி, நீங்க சொன்னது நிஜமாவே இருந்துட்டுப் போகட்டும்னு, திரும்பிப் போய் வயரைத் தேடினேன்."